மாமாவின் அலுமினிய வள்ளம்: எதைப் பூசுவது, எதைப் பூசாமல் விடுவது

போன மாதம் மட்டக்குளியில் மாமாவின் வளவுக்குள் கவிழ்த்து வைத்திருந்த 14 அடி அலுமினிய வள்ளத்தை நிமிர்த்தி, தரைப் பலகைகளைக் கழற்றினோம். நடுப் பலகைக்குக் கீழே புளியங்கொட்டை அளவில் ஒரு ஈயக்குண்டு ஒட்டிக் கிடந்தது. எப்போதோ தூண்டிலிலிருந்து கழன்று விழுந்தது. ஸ்க்ரூ ட்ரைவரால் ஒரு தட்டுத் தட்டியதும் பெயர்ந்து வந்தது. அது இருந்த இடத்தில் கோலமாவு போல வெள்ளைப் பொடி. பொடியைத் துடைத்தால் கீழே குழி. குழிக்கு நடுவில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை. மாமாவின் மகன் கீழே குனிந்து பார்த்துவிட்டு, "வெளிச்சம் தெரியுது அண்ணா" என்றான். வெளிப்பக்கம் அந்த இடத்தில் நீலப் பெயின்ட் சின்னதாக ஒரு கொப்புளம் போட்டு வெடித்திருந்தது. அதைச் சுற்றி எல்லாம் நல்ல பளபளப்பு.

அலுமினிய வள்ளத்துக்கு என்ன பெயின்ட் நல்லது என்று கேட்பவர்களுக்கு அந்தக் குழியைத்தான் முதலில் காட்ட வேண்டும். இந்த வள்ளங்கள் பெரும்பாலும் உள்ளேயிருந்துதான் கெடுகின்றன. அதோடு எந்த உலோகம் ஒட்டியிருக்கிறது, எங்கே ஈரம் தேங்கி நிற்கிறது என்பதைப் பொறுத்தே அதன் ஆயுள்.

மாமா கேட்டது இரண்டு கேள்விகள். பெயின்டுக்கு என்ன செய்வது? உள்ளே பலகை, ஃபோம், எஞ்சின் பூட்டும் இடம் எல்லாவற்றையும் எதால் மாற்றுவது? கொழும்பில் அலுமினிய வள்ளம் அபூர்வம். முகத்துவாரத்திலிருந்து நீர்கொழும்பு வரை கரையில் இழுத்து வைத்திருப்பவை அநேகமாக பைபர் வள்ளங்கள்தான். அதனால் பைபருக்கும் காருக்கும் வீட்டுக் கேற்றுக்கும் பழகிய கைகளிடமிருந்துதான் எங்களுக்கு ஆலோசனை கிடைத்தது. பைபர் பாஸ் ஒருவர், வெளியே மேட் (கண்ணாடி இழை விரிப்பு) போட்டு மூடிவிடச் சொன்னார். பழைய சோனகத் தெருவில் ஹார்ட்வெயார் கடைக்காரர் எனாமலையும், அடிப்பக்கத்துக்கு வள்ளங்களுக்கு அடிக்கும் சிவப்புப் பெயின்டையும் எடுத்து வைத்தார். காருக்கு ஸ்ப்ரே அடிக்கும் கராஜ்காரர், தன்னிடம் விட்டால் புது வண்டி மாதிரித் தருவதாகச் சொன்னார். மாமாவுக்கோ எல்லாப் பெயின்டையும் சுரண்டி எறிந்துவிட்டு வெறும் தகடாக விட ஆசை. நான், பெயின்டையும் அதை இறுக வைக்கும் ஹார்ட்னரையும் கலந்து அடிக்கும் இரண்டு டப்பா எபொக்சியை நாங்களே அடிக்கலாம் என்று நினைத்தேன்.

இவற்றை ஒப்பிடுமுன் ஒரு கேள்வியைத் தீர்க்க வேண்டும். வள்ளம் இரவில் எங்கே நிற்கும்? தண்ணீரிலேயே கட்டிக் கிடக்குமா, ஒவ்வொரு தடவையும் கரைக்கு ஏறுமா? எங்கள் வள்ளம் கரையேறுகிறது. களனி ஆற்று வாயில் நாலைந்து மணி நேரம் கொடுவாய்க்கும் செம்பல்லிக்கும் தூண்டில் போட்டுவிட்டு, திரும்பி வந்து நல்ல தண்ணீரில் கழுவிக் கவிழ்த்துவிடுவோம். இந்தப் பதில் மாறினால் கீழே சொல்லப் போவதில் பாதி மாறிவிடும்.

"ஆறுதானே, நன்னீர்தானே" என்று நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மழை குறைந்த காலத்தில் களனியில் உப்பு நீர் மேலே ஏறுகிறது. கொழும்புக்குக் குடிநீர் எடுக்கும் அம்பத்தளை வரை அது போய்விடக்கூடாது என்று ஆற்றுக்குக் குறுக்கே தடுப்புப் போட வேண்டி வந்தது. மட்டக்குளியில் நிற்கும் வள்ளத்துக்கு அது உப்புத் தண்ணீர்தான்.

சரி, முதலில் பைபர். அந்த பாஸ் கெட்டிக்காரர், மனமறிந்து தப்பாகச் சொல்பவரும் இல்லை. "ஒரு லேயர் மேட் போட்டு ரெசின் அடிச்சு விட்டா பத்து வருசத்துக்குப் பார்க்கத் தேவையில்ல தம்பி" என்றார். பைபர் வள்ளத்தைப் பொறுத்தவரை அது உண்மையாக இருக்கலாம். ஆனால் அவர்கள் வழக்கமாகப் பாவிக்கும் பொலியெஸ்டர் ரெசின் அலுமினியத்தை நன்றாகப் பிடிக்காது. அதோடு இரண்டும் ஒரே அளவுக்கு விரிந்து சுருங்குவதும் இல்லை. வெயிலில் வெப்பம் 30 பாகை ஏறினால் 14 அடி அலுமினியம் ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் நீளும். ஒவ்வொரு நாளும் நீண்டு, ஒவ்வொரு இரவும் சுருங்கும். எங்கோ ஒரு ஓரம் பெயர்ந்து அதற்குள் உப்புத் தண்ணீர் நுழைந்துவிட்டால், தகடுக்கும் பைபருக்கும் நடுவில் அது காயவே காயாது. நமக்குக் கண்ணுக்கும் தெரியாது. ஈயக்குண்டின் கீழே நடந்தது வள்ளம் முழுக்க நடக்கும். போட்டதைப் பிறகு சுரண்டி எடுப்பதும் பெரும்பாடு. இந்த வழியை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

கடைக்காரரின் சிவப்புப் பெயின்டும் அப்படித்தான். பாசியும் கொட்டலசும் ஒட்டாமல் இருக்க அடிக்கும் அந்த வகைப் பெயின்ட்களில் பெரும்பாலும் செம்பு ஒட்சைட் இருக்கும். செம்பும் அலுமினியமும் உப்புத் தண்ணீரில் சேர்ந்தால் பற்றரி ஒன்று உருவாகிவிடும். அந்தப் பற்றரியில் கரைந்து போவது அலுமினியம். கீழே எபொக்சி இருக்கிறதே என்று தைரியப்படவும் முடியாது. கல்லில் உரசி ஒரு கீறல் விழுந்தால், அந்தக் கீறலில்தான் முழுத் தாக்குதலும் குவியும். வள்ளம் நிரந்தரமாகத் தண்ணீரில் நிற்கிறது என்றால், அலுமினியத்துக்கு ஏற்றது என்று டப்பாவிலேயே எழுதியிருக்கும் செம்பு ஒட்சைட் இல்லாத வகையைத் தேடிப் பிடிக்க வேண்டும். கரையேறும் வள்ளத்துக்கு அந்தப் பெயின்டே தேவையில்லை. பாசி பிடிக்க நாட்கணக்கில் தண்ணீரில் கிடக்க வேண்டுமே.

அடுத்தது எனாமல். மலிவு, எங்கும் கிடைக்கும், தூரிகையால் அடிக்கலாம், உரிந்த இடத்தில் அடுத்த வருடம் திரும்பத் தடவலாம். எங்கள் நீலப் பெயின்ட் அதுதான். நகத்தால் சுரண்டினால் வாழைப்பழத் தோல் மாதிரி நீளமாக உரிந்து வந்தது. எனாமல் என்பதால் மட்டும் அப்படி உரிவதில்லை. அலுமினியம் காற்றுப் பட்டதுமே மேலே ஒரு மெல்லிய ஒட்சைட் படலத்தைப் போர்த்திக்கொள்ளும். உலோகத்தைக் காப்பது அந்தப் படலம்தான். ஆனால் வழுவழுப்பான அந்த மேற்பரப்பில் சாதாரணப் பெயின்டுக்குப் பிடி கிடைக்காது. தேய்த்துச் சொரசொரப்பாக்கி, அலுமினியத்துக்கென்று உள்ள ப்ரைமரை அன்றைக்கே அடித்தால்தான் மேலே போவது எதுவாக இருந்தாலும் நிற்கும். அப்படி அடித்தால் தண்ணீர் மட்டத்துக்கு மேலே எனாமலும் ஓரளவு தாங்கும். கையில் காசு குறைவாக இருப்பவர் ப்ரைமரில் செலவழித்துவிட்டு மேலே எனாமல் அடிக்கட்டும். மறுபக்கமாகச் செய்தால் விலை உயர்ந்த பெயின்டும் சேர்ந்து உரியும்.

அப்புறம் கராஜ். இதைத்தான் அதிக நேரம் யோசித்தோம். அவர்களிடம் கம்ப்ரசர் உண்டு, தூசு வராத அறை உண்டு, கை பழகிய பெயின்ட் பாஸ் உண்டு. காருக்கு அடிக்கும் இரண்டு டப்பா பெயின்ட், வெயிலைத் தாங்குவதில் எனாமலை விட எவ்வளவோ மேல். எனக்கு இரண்டு விஷயத்தில்தான் பயம். ஒன்று, நெளிவைப் பார்த்தால் அவர்கள் கை தானாகவே புட்டி டப்பாவுக்குப் போகும். காருக்கான புட்டி தண்ணீரை உறிஞ்சும். தண்ணீர் மட்டத்துக்குக் கீழே அது கொப்பளிப்பதில் சந்தேகமே இல்லை. மீன் பிடிக்கிற வள்ளத்தில் நெளிவு இருந்தால் இருக்கட்டும். இரண்டு, காருக்கான அந்தப் பூச்சு மணிக்கணக்கில் தண்ணீரில் அமிழ்ந்து கிடப்பதற்காகச் செய்யப்பட்டதில்லை. ஆகவே கராஜில் கொடுப்பதானால், "புட்டி வேண்டாம், தண்ணீர் மட்டத்துக்கு மேலே மட்டும் அடியுங்கள், எட்ச் ப்ரைமர் போடுவதென்றால் அதற்கு மேலே எபொக்சி ஏற்றலாமா என்று டப்பாவைப் பார்த்துச் சொல்லுங்கள்" என்று முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும். அமிலம் கலந்த எட்ச் ப்ரைமருக்கு மேலே பல எபொக்சிகள் சரியாக இறுகாது. இரண்டில் ஒன்றைத் தெரிவுசெய்வதே பாதுகாப்பு.

நாங்களே அடித்தால் கூலி மிச்சம். ஆனால் சனி, ஞாயிறு நான்கைந்து போய்விடும். பளபளப்பும் கராஜ் வேலை அளவுக்கு வராது. ஆனாலும் நான் இதையே விரும்பக் காரணம், பெயின்டுக்கு அடியில் நடக்கும் வேலை நம் கண் முன்னால் நடக்கும் என்பதுதான். முதலில் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவ வேண்டும். கழுவாமல் தேய்த்தால் பிசுக்கைத் தகட்டுக்குள் தேய்த்து ஏற்றியதாக ஆகிவிடும். பிறகு 80, 120 நம்பர் சாண்ட் பேப்பர். சாதாரண இரும்புக் கம்பித் தூரிகை கூடவே கூடாது. அதிலிருந்து உதிரும் துணுக்குகள் தகட்டில் பதிந்து கறள் பிடிக்கும், பக்கத்து அலுமினியத்தையும் அரிக்கும். ஸ்டெயின்லெஸ் அல்லது நைலோன் தூரிகை போதும். பழைய பெயின்டைக் கழற்ற கோஸ்டிக் சோடா நல்லது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது பெயின்டோடு நிற்காது, அலுமினியத்தையே தின்னும், ஐதரசன் வாயுவும் கிளம்பும். பழைய பெயின்டில் ஈயமோ குரோமேற்றோ இருக்கலாம் என்பதால் ஈரமாக்கித் தேய்ப்பதும் மாஸ்க் போடுவதும் கட்டாயம்.

தேய்த்து முடிந்ததா என்று பார்க்க எளிய வழி இருக்கிறது. ஒரு குவளை சுத்தமான தண்ணீரைத் தகட்டின் மேலே ஊற்றுங்கள். சுத்தமான இடத்தில் தண்ணீர் பாய் விரித்த மாதிரி ஒரே படலமாக வழியும். சேம்பிலையில் நிற்பது போல முத்து முத்தாகப் பிரிந்தால் அங்கே இன்னும் பிசுக்கு இருக்கிறது. அணியத்தில் (வள்ளத்தின் முன்பக்கத்தில்) ஒரு கையகலத்தைத் தேய்த்து இப்படிச் சோதித்துப் பார்த்தோம். மூன்றாம் தடவைதான் தண்ணீர் பிரியாமல் ஓடியது.

கொழும்பில் இந்த வேலைக்குப் பெரிய எதிரி ஈரப்பதன். காற்று 30 பாகையும் ஈரப்பதன் 80 சதவீதமும் இருந்தால், 26 பாகைக்குக் குளிர்ந்த எந்தத் தகட்டிலும் பனி படிந்துவிடும். காலையில் வள்ளத்தைத் தொட்டுப் பார்த்தால் தெரியும். கண்ணுக்குத் தெரியாத அந்த ஈரத்தின் மேலே எபொக்சி அடித்தால் பிடிக்காது. காயும்போது ஈரக்காற்றுப் பட்டால் மேலே மெழுகு மாதிரி ஒரு பிசுபிசுப்பும் வரும். அதைத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவாமல் அடுத்த கோட் ஏற்றக்கூடாது. எபொக்சிக்கு மேலே அடிக்கும் பொலியூரித்தேன் பெயின்ட் இன்னும் மோசம். அதன் ஹார்ட்னர் ஈரத்தோடு சேர்ந்து வாயுவை வெளியிட்டு நுண்ணிய குமிழிகளாக நிற்கும். ஆகவே காலை பத்து மணிக்குப் பிறகு தொடங்கி, மாலை மூன்று மணிக்குள் முடித்து, இருட்டுமுன் தொட்டால் ஒட்டாத அளவுக்கு இறுகவிட வேண்டும். நேரடி வெயிலில் அடிக்காமல் நிழலில் அடிப்பது நல்லது. மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேல் பருவத்தையும் ஒக்டோபர், நவம்பர் மழையையும் கழித்தால், கொழும்பில் இதற்கு நிம்மதியான காலம் ஜனவரி முதல் மார்ச் வரைதான்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். பொலியூரித்தேனை வீட்டில் ஸ்ப்ரே அடிக்காதீர்கள். அதன் ஹார்ட்னரில் உள்ள ஐசோசயனேற் நுண்துளியாக மூச்சில் போனால் ஆஸ்துமாவை உண்டாக்கும், அது வாழ்நாள் முழுக்கக்கூட நிற்கலாம். ரோலரால் உருட்டி, உடனே தூரிகையின் நுனியால் மெல்ல இழுத்துவிட்டால் போதுமான அளவுக்குச் சமனாக வரும். அப்போதும் திறந்த வெளி, கையுறை, கரிக் கார்ட்ரிஜ் மாஸ்க் மூன்றும் வேண்டும்.

மாமாவின் யோசனைக்கு வருகிறேன். வெறும் தகடு! வள்ளத்துக்குப் பாவிக்கும் 5052, 5083, 5086 போன்ற மக்னீசியம் கலந்த அலுமினியங்கள் பெயின்ட் இல்லாமலே கடல் நீரைத் தாங்கக்கூடியவை. பெயின்டே அடிக்காத அலுமினிய வேலைப் படகுகள் உலகம் முழுக்க ஓடுகின்றன. சாம்பல் நிறமாக மங்கும், அவ்வளவுதான். உரியும் பெயின்டின் கீழே உப்பு தேங்குவதை விட வெறும் தகடு நல்லது. வெயிலில் கண் கூசும், பகலில் உட்காரும் பலகை சுடும் என்பது மட்டுமே குறை. கரையேறும் வள்ளத்தின் அடிப்பக்கத்துக்கு இதை விடச் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை. மணலில் இழுக்கும்போது எந்தப் பெயின்டும் அங்கே நிற்கப்போவதில்லை.

ஆகவே வெளிப்பக்கத்தை இரண்டாகப் பிரித்துவிட்டோம். தண்ணீர் மட்டத்துக்குக் கீழே எல்லாவற்றையும் சுரண்டி வெறும் தகடு. மேலே இரண்டு கோட் எபொக்சி ப்ரைமர், இரண்டு கோட் பொலியூரித்தேன், ரோலரால், நாங்களே. கீழ்ப் பாதிக்குப் பெயின்ட் தேவையில்லாததால் செலவும் குறைகிறது. விலையை நான் இங்கே எழுதவில்லை. கடைக்குக் கடை, மாதத்துக்கு மாதம் மாறுகிறது. ஒரே நாளில் மூன்று கடையில் கேட்டு ஒப்பிடுங்கள், ஹார்ட்னரும் தின்னரும் விலையில் அடங்குமா என்றும் கேளுங்கள். பக்கவாட்டில் பதிவு இலக்கம் இருந்தால், சுரண்டுமுன் அளவோடு படம் எடுத்து வையுங்கள்.

உள்பக்கம். தரைப் பலகைக்குச் சாதாரண பிளைவுட், மெரின் பிளைவுட், பிளாஸ்டிக் பலகை, அலுமினியத் தகடு என்று நான்கு வழி. சாதாரண பிளைவுட் ஓரிரு மழைக்காலத்தில் பிரிந்துவிடும். பூச்சி அரிக்காது என்று மருந்து ஏற்றிய மரத்தை வாங்கவே வாங்காதீர்கள். அந்த மருந்துகளில் பல செம்பு கலந்தவை. பிளாஸ்டிக் பலகை அழுகாது, ஆனால் கனம், வெயிலில் நெளியும், அடியில் நெருக்கமாகத் தாங்கு கொடுக்க வேண்டும். அலுமினியத் தகடு மிகச் சிறந்தது, ஆனால் காசு. எங்களுக்கு மெரின் பிளைவுட்தான் சரி. பிஎஸ் 1088 தரத்தில் வாங்கி, வெட்டிய ஓரங்களையும் ஒவ்வொரு போல்ட் துளையையும் எபொக்சியால் மூடி, தகட்டில் நேரடியாகப் படாமல் இடைவெளி விட்டுப் பூட்டப் போகிறோம். எஞ்சின் பூட்டும் பலகையும் அதே பிளைவுட்டை இரட்டையாக ஒட்டி, பழையதைப் போல 38 மில்லிமீற்றர் தடிப்பில். பழைய பலகையில் ஸ்க்ரூ ட்ரைவர் எதிர்ப்பே இல்லாமல் இறங்கியது. 15 குதிரைவலு எஞ்சின் அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

ஃபோமைப் பற்றி யாரும் பேசுவதில்லை, ஆனால் உயிர் அதில்தான் இருக்கிறது. ஆசனங்களுக்குக் கீழே இருந்த பழைய ஃபோம் துண்டை எடுத்துப் பிழிந்தேன், தண்ணீர் ஓடியது. நல்ல ஃபோம் ஒரு லீற்றர் ஏறத்தாழ ஒரு கிலோவை மிதக்க வைக்கும். 80 கிலோ அலுமினிய ஓடு தண்ணீரில் மூழ்கினால் 50 கிலோ கனம் காட்டும். அதற்கே 50 லீற்றர் வேண்டும். எஞ்சின், பற்றரி, பிடித்துத் தொங்கும் இரண்டு மூன்று பேரையும் சேர்த்தால் 150 லீற்றருக்குக் குறையக்கூடாது என்பது என் கணக்கு. ஊற்றினால் பொங்கும் ஃபோம் எல்லா மூலையையும் நிரப்பும், ஆனால் தகட்டோடு ஒட்டிக்கொண்டு ஈரத்தைப் பிடித்து வைக்கும். பிறகு ரிவெட் ஒன்றைச் சரிசெய்யக்கூட கை போகாது. நாங்கள் கட்டியாகக் கிடைக்கும் தண்ணீர் உறிஞ்சாத ஃபோமை வெட்டி வைக்கிறோம். வருடம் ஒரு தடவை வெளியே எடுத்துப் பார்க்கலாம்.

போல்ட் எல்லாம் ஸ்டெயின்லெஸ்தான், வேறு வழி இல்லை. பித்தளை கூடாது. ஸ்டெயின்லெஸ்ஸும் அலுமினியத்தை அரிக்கும் என்பதால் நைலோன் வொஷரும் புரியில் அரிப்பைத் தடுக்கும் பசையும் போட வேண்டும். பற்றரியின் மறை வயரை ஓட்டில் பூட்டாமல் தனி வயராகவே திருப்பிக் கொண்டுபோக வேண்டும். தகட்டில் அளவு குறிக்கப் பென்சில் எடுக்காதீர்கள். அதன் கரியும் அலுமினியத்தை அரிக்கும். மார்க்கர் பேனை போதும்.

கடைசியாக ரிவெட்டும் அந்தத் துளையும். வள்ளத்தை நாலு இடத்தில் நன்றாகத் தாங்கு கொடுத்து நிறுத்தி, உள்ளே கால் முட்டிக்குக் கீழே வரை தண்ணீர் விட்டோம். வெளியே ஈரம் கசிந்த ரிவெட்களை மார்க்கரால் வட்டமிட்டோம். பதினொன்று. அவற்றை ஒருவர் உள்ளே கனமான இரும்பால் தாங்க, மற்றவர் வெளியே சுத்தியலால் தட்டி இறுக்கலாம். இறுகாததை மட்டும் மாற்றுவோம். வெல்டிங் பற்றியும் கேட்டோம். மெல்லிய தகட்டில் அந்தச் சூடு பக்கத்து ரிவெட்களைத் தளர்த்திவிடும் என்பதால் விட்டுவிட்டோம்.

துளைக்கு எபொக்சிப் புட்டியா, ஒட்டுத் தகடா என்பதைச் சுற்றியுள்ள தடிப்புத்தான் தீர்மானிக்கும். எங்கள் தகடு 1.6 மில்லிமீற்றர். ஊசிமுனையால் அழுத்திப் பார்த்தபோது துளையைச் சுற்றி ஒரு பத்து ரூபா நாணய அளவுக்கு தகடு உள்ளே அமிழ்ந்தது. புட்டி போதாது. 5052 தகட்டில் மூலைகளை வட்டமாக வெட்டிய ஒட்டு, அடியில் பொலியூரித்தேன் சீலன்ட், சுற்றிவர மூடிய முனை ரிவெட். ரிவெட்டின் நடு ஆணியும் அலுமினியமாகவே இருக்க வேண்டும், இரும்பு ஆணி உள்ளேயே கறள் பிடிக்கும். அந்த வகை ரிவெட்டைத் தேடி சனிக்கிழமை நானும் தம்பியும் பழைய சோனகத் தெருவுக்குப் போகிறோம். அது கிடைத்த பிறகுதான் பெயின்ட் டப்பா வாங்குவோம்.